சோழவரத்தில் இல்லாதது திறன் அல்ல

“வேலை கொட்டிக் கிடக்கிறது, திறனுள்ள ஆள்தான் கிடைப்பதில்லை.” கும்மிடிப்பூண்டி ஆலைகளின் ஹெச்.ஆர். அறைகள், வேலைவாய்ப்பு முகாம் மேடைகள், பொறியியல் கல்லூரிப் பட்டமளிப்பு விழாக்கள், தொலைக்காட்சி விவாதங்கள் என்று எங்கும் இந்த வாக்கியம் ஒலிக்கிறது. ஆட்சி மாறினாலும் இது மாறுவதில்லை. இப்போது பெற்றோர்களும் நம்பிவிட்டார்கள். பிள்ளைக்கு வேலை அமையவில்லை என்றால் அவனிடம்தான் குறை என்று முடிவு கட்டி, கடன் வாங்கி இன்னொரு கோர்ஸில் சேர்க்கிறார்கள். இந்த வாக்கியம் தவறு. இதை நம்பித்தான் பொதுப்பணம் தவறான இடத்தில் செலவாகிறது. இதை நம்பித்தான் இருபது வயதுப் பிள்ளைகள் தாங்கள் செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து நிற்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முழு வலிமையோடு முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வடக்கே தேசிய நெடுஞ்சாலை 16ஐ ஒட்டி நீளும் பகுதியில் தொழிலுக்குப் பஞ்சமில்லை. எண்ணூரில் காமராசர் துறைமுகம், அடுத்து காட்டுப்பள்ளி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலைகள், தேர்வாய் கண்டிகையில் டயர் ஆலை, எல்லை தாண்டினால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி, செங்குன்றத்திலிருந்து சோழவரம் வழியாகச் சாலை நெடுகக் கிடங்குகள். இத்தனை இருந்தும் டிப்ளமோ முடித்து வரும் பையனுக்கு வெர்னியர் காலிப்பரில் அளவு பார்க்கத் தெரியவில்லை, பி.இ. முடித்தவருக்கு வரைபடம் புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்ப் பையன் மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருபவர்கள் நிற்காமல் உழைக்கிறார்கள். ஆகவே பாடத்திட்டத்தை மாற்றி, பயிற்சி மையங்களைத் திறந்து, சான்றிதழ் கொடுத்துவிட்டால் மீதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும். 2015இல் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டமும், 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் இந்த நம்பிக்கையில் பிறந்தவை. 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டமும் அப்படித்தான்.

இப்படிச் சொல்பவர்கள் எல்லாரும் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. வெர்னியர் காலிப்பர் பற்றிய புகார் உண்மை. நம் பாலிடெக்னிக்குகளில் பலவற்றின் பட்டறை நிலை வெட்கப்பட வேண்டியது. புதிய எந்திரங்கள் ஐ.டி.ஐ.களுக்கு வருவதை நான் வரவேற்கிறேன். ஆனால் வேலையில்லாமைக்கு இதுதான் காரணம் என்ற இடத்தில் வாதம் உடைகிறது.

1. ஆளுக்குத் தட்டுப்பாடு என்றால் கூலி ஏன் ஏறவில்லை?

கோயம்பேட்டுக்குத் தக்காளி வரத்து குறைந்தால் மறுநாள் காலையே விலை ஏறுகிறது. ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் தட்டுப்பாடு என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஐ.டி.ஐ. முடித்துக் கேட்டில் போய் நிற்பவனுக்குச் சொல்லப்படும் தொடக்கச் சம்பளம் குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே கிடக்கிறது. உண்மையிலேயே ஆள் கிடைக்காத முதலாளி கூலியைக் கூட்டுவார், வந்தவரைத் தானே பயிற்றுவிப்பார், பயின்றவர் போய்விடாமல் பிடித்து வைப்பார். இந்த மூன்றில் எதையும் செய்யாமல் அரசு இலவசமாகப் பயிற்றுவித்து அனுப்ப வேண்டும் என்று கேட்டால், அது குறைந்த கூலிக்கு மேலும் ஆள் வேண்டும் என்ற கோரிக்கை.

உண்மையான தட்டுப்பாடு உள்ள வேலைகளும் உண்டு. எந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. கட்டுப்பாட்டுக் கருவியின் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பராமரிப்பு ஆள், டூல் அண்ட் டை மேக்கர், எக்ஸ்ரே சோதனையில் தேறும்படி குழாய் வெல்டிங் செய்பவர் போன்றவர்களை நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கூடுதல் சம்பளம் சொல்லிப் பறித்துக்கொள்கின்றன. தட்டுப்பாடு இருந்தால் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு அதுவே சான்று. மற்ற வேலைகளில் அந்தப் பறிப்பு ஏன் நடக்கவில்லை?

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். சுவிஸ் தொழில்நுட்பத்தோடு 1955இல் தொடங்கியபோது, அந்தத் தொழிலுக்கு ஆயத்தமான ஆட்களை யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை. ஆலையோடு பயிற்சிப் பள்ளியும் வந்தது. வடசென்னைத் தெருக்களிலிருந்து போனவர்கள் அங்கே கற்று, அங்கேயே நிரந்தரமாகி, அங்கேயே ஓய்வு பெற்றார்கள். பயிற்சி கொடுப்பது ஆலையின் கடமை என்று இருந்தது. அந்தக் கடமை கைமாறி, முதலில் அரசின் தலையிலும் பிறகு பிள்ளையின் தலையிலும் வந்து விழுந்திருக்கிறது. இன்று அதே ஐ.சி.எஃப்.பில் ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’ எனப்படும் சட்டப்படியான தொழிற்பயிற்சியை முடித்தவர்கள் வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள்.

2. படிக்காதவரைவிடப் படித்தவர் ஏன் அதிகம் வேலையின்றி இருக்கிறார்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையில்லாதோர் 3.4 சதவீதம். பட்டதாரி இளைஞர்களில் அது 29.1 சதவீதம். திறனின்மைதான் நோய் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

ஏழைக்கு வேலையில்லாமல் காத்திருக்க வசதியில்லை, கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறான், அதனால்தான் 3.4 என்று பதில் வரும். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பதிலே என் வாதத்தை உறுதி செய்கிறது. படித்தவர் தன் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறார், அந்த வேலை வருவதில்லை. 2021-22இல் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாட்டில் 28 சதவீதமாக இருக்கையில் தமிழ்நாட்டில் 47 சதவீதம். இரண்டு தலைமுறை கடன்பட்டுப் படித்துவிட்டது. பயிற்சி ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்கு முன்னால் நிறுத்தும். பத்து இடத்துக்கு நூறு பேர் நிற்கையில் நூறு பேருக்கும் பயிற்சி கொடுத்தால், பயிற்சி பெற்ற தொண்ணூறு பேர் வீடு திரும்புவார்கள். இந்த எளிய கணக்கை எந்தத் திறன் மாநாட்டிலும் யாரும் பேசுவதில்லை.

3. சான்றிதழே இல்லாதவருக்கு எப்படி வேலை கிடைத்தது?

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கி பில்லெட் வார்க்கும் ஆலைகளில், உலையின் வாயருகே நிற்பவர்கள் பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசம், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் எத்தனை பேர் எந்தத் திறன் மையத்தில் படித்துச் சான்றிதழோடு வந்தார்கள்? உயிருக்கு ஆபத்தான அந்த வேலையை அவர்கள் ஆலைக்குள் வந்தபிறகுதான், மூத்த தொழிலாளியின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அப்படியானால் சோழவரத்துப் பையனும் அப்படியே கற்றிருக்க முடியும். அவனைத் திறனில்லை என்று திருப்பி அனுப்பிய கேட்டிலேயே, திறன் கேட்கப்படாமல் இன்னொருவர் உள்ளே போகிறார்.

கேட்கப்பட்டது வேறு. ஆலையை ஒட்டிய தகரக் கொட்டகையில் தங்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். கூடுதல் நேர வேலைக்கு (ஓ.டி.) சட்டப்படி இரட்டைக் கூலி கேட்கக் கூடாது. கை நசுங்கினால் கேட்டுக்கு வந்து நியாயம் கேட்க அண்ணனும் மாமனும் பக்கத்து ஊரில் இருக்கக் கூடாது. “லோக்கல் ஆள் வேண்டாம்” என்று காண்ட்ராக்டர்கள் வெளிப்படையாகவே சொல்வதற்கு இதுதான் பொருள். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றி, எதிர்ப்புக்குப் பிறகு மே 1 அன்று அரசு அதைத் திரும்பப் பெற்றதை நினைத்துப் பாருங்கள். தொழில்துறைக்காகச் சட்டத்தையே மாற்றத் துணிந்தபோது கேட்கப்பட்டது நேரம், திறன் அல்ல.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வெளிமாநிலத் தொழிலாளியை வைது, ‘வடக்கன் வந்து வேலையைப் பறித்தான்’ என்று பேசுவது இன்று நம் தெருக்களில் சாதாரணமாகிவிட்டது. அது அநீதி, பொய்யும்கூட. அவர் வேலையைப் பறிக்கவில்லை. கூலியைக் குறைக்க அவருடைய வறுமை பயன்படுத்தப்படுகிறது. அவருக்கு உரிய பதிவு, உரிய தங்குமிடம், உரிய ஓ.டி. எல்லாம் கிடைத்தால் அவரை அமர்த்துவதில் முதலாளிக்குத் தனி லாபம் இருக்காது. அவருக்கு நியாயம் கிடைப்பதுதான் சோழவரத்துப் பையனுக்கும் கதவு திறக்கும் வழி.

4. கற்றுக்கொண்டவரை ஏன் வெளியே தள்ளுகிறார்கள்?

என் வாதத்தின் மையம் இதுதான். தமிழ்நாட்டில் 1981இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் உண்டு. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. நாட்டின் பிற மாநிலத் தொழிலாளர்கள் பொறாமைப்பட வேண்டிய சட்டம். நடைமுறையில் அது எப்படிச் செத்துக் கிடக்கிறது என்பதை ஆலைக்குப் போகும் எந்தப் பையனும் சொல்வான். 480ஐ நெருங்கும்முன் ‘பிரேக்’ கொடுக்கிறார்கள். அல்லது காண்ட்ராக்டர் பெயர் மாறுகிறது. அதே எந்திரம், அதே ஷிஃப்ட், புதிய அடையாள அட்டை, மீண்டும் முதல் நாள். அல்லது ‘ட்ரெய்னி’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

ட்ரெய்னி என்ற பெயருக்குச் சட்டத்தின் பாதுகாப்பே இருக்கிறது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி பயிலுநர் தொழிலாளி அல்லர்; பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. 2019 விதிகள் நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை, தகுதிக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய். ஒரு நிறுவனம் தன் ஆள்பலத்தில் 15 சதவீதம்வரை இப்படி வைத்துக்கொள்ளலாம். 2013இல் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. கொண்டுவந்த ‘நீம்’ திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மூன்று ஆண்டுவரை பயிற்சியாளர் என்ற பெயரில், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாமல் உற்பத்தி வரிசையில் நிற்க வைக்க அது வழி செய்தது. பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அதில் மூன்று ஆண்டுகளைக் கொடுத்த பிள்ளைகளுக்கு அந்த மூன்று ஆண்டுகள் எந்த சர்வீஸிலும் சேரவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒன்றரை ஆண்டு எந்திரத்தோடு பழகியவன், அதன் சத்தத்தை வைத்தே கோளாறை உணரத் தொடங்கும் நேரத்தில் வெளியே அனுப்பப்படுகிறான். அவன் இடத்தில் புதியவன் வருகிறான். அந்த ஆலையின் மேலாளர்தான் அடுத்த மாதம் மேடையேறி, திறனுள்ள ஆள் கிடைப்பதில்லை என்கிறார். திறன் அந்த ஆலையிலேயே விளைந்தது, அந்த ஆலையே அதை வெளியே எறிந்தது. ஒன்றிய அரசின் ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பில், ஆலைத் தொழிலாளர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் பங்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 20 சதவீதம். இப்போது 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. திறன் திட்டங்கள் பெருகிய அதே ஆண்டுகளில்தான் இந்தப் பங்கும் இப்படிப் பெருகியது.

5. திறன் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் கைபேசிகளை நுட்பமாகச் சேர்க்கவும் சோதிக்கவும் கற்ற ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் இருந்தார்கள். 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியபோது வெளியேறியவர்கள், உலகத் தரக் கார்களை ஏற்றுமதிக்குச் செய்துகொண்டிருந்தவர்கள். அவர்களிடம் என்ன திறன் குறைவாக இருந்தது? முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர் இன்னோர் ஆலைக்குப் போனால், பத்தாண்டு அனுபவத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பதினெட்டு வயதுப் பையனைத்தான் எடுக்கிறார்கள். திறனே செல்வம் என்பது உண்மையானால் அனுபவசாலிக்கு முன்னுரிமை கிடைத்திருக்கும்.

6. சோழவரத்தில் பெருகும் வேலைக்கு என்ன திறன் தேவை?

செங்குன்றத்திலிருந்து சோழவரம் வழியாகப் போகும் ஜி.என்.டி. சாலையின் இருபுறமும் வயலை நிரவி எழுப்பிய கிடங்குகளில் உள்ள வேலை: இறக்குவது, ஸ்கேன் செய்வது, அடுக்குவது, ஏற்றுவது. இதற்கு ஆறு மாதப் பயிற்சி தேவையில்லை. எத்தனை பயிற்சி கொடுத்தாலும் இந்த வேலையின் கூலி ஏறப்போவதும் இல்லை. ஏற்ற வேண்டுமானால் குறைந்தபட்சக் கூலியை ஏற்ற வேண்டும், அது கொடுக்கப்படுகிறதா என்று பார்க்க ஆய்வாளர் வர வேண்டும். செங்குன்றத்து அரிசி ஆலைகளில் இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்டதை இந்தப் பகுதி மறந்திருக்காது. அவர்களுக்கு நெல் அவிக்கவும் காய வைக்கவும் தெரியாமலா அந்த நிலை வந்தது?

போக்குவரத்தைப் பற்றி ஒரு சொல். கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போகிறது. சோழவரத்துக்கு ரயில் நிலையமே இல்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து ஒரு பெண் வீடு திரும்ப கம்பெனி பஸ் இல்லையென்றால், அவளுடைய டிப்ளமோ அவளை எங்கும் கொண்டு சேர்க்காது. நேரடித் தொழிலாளிக்குப் பஸ் வருகிறது. காண்ட்ராக்ட் தொழிலாளி ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறாள்.

7. பயிற்சித் திட்டங்களின் கணக்கே என்ன சொல்கிறது?

பிரதமர் திட்டத்தில் குறுகியகாலப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களில், வேலைக்குப் போனதாக அரசு கணக்குக் காட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. நான்காம் கட்டத்தில் வேலை கிடைத்ததா என்று பின்தொடர்ந்து கணக்கெடுப்பதையே கைவிட்டார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, பயனாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வங்கிக் கணக்கு விவரமே முறையாக இல்லை என்றது. எத்தனை சான்றிதழ் அச்சடித்தோம் என்பதை வெற்றியாக எண்ணும்வரை, சான்றிதழ்தான் பெருகும்.

இனி எனக்கு வரப்போகும் எதிர்ப்பு தெரியும். “நிரந்தரம், கூலி என்று நெருக்கினால் ஆலைகள் ஸ்ரீசிட்டிக்குப் போய்விடும்.” ஸ்ரீசிட்டி இருக்கும் ஆந்திரம் 2019இல் நிறைவேற்றிய சட்டம், ஆலை வேலைகளில் 75 சதவீதத்தை உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கச் சொன்னது, தகுதியானவர் இல்லையென்றால் மூன்றாண்டுக்குள் நிறுவனமே அரசோடு சேர்ந்து பயிற்றுவிக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டத்துக்குப் பிறகும் ஸ்ரீசிட்டி காலியாகிவிடவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு ஆலைகள் வந்ததற்குத் துறைமுகம், நெடுஞ்சாலை, ரயில், மின்சாரம், மலிவாகக் கிடைத்த நிலம் என்று பல காரணங்கள் உண்டு. ஆந்திரத்தின் உள்ளூர் ஒதுக்கீட்டை நான் இங்கே கேட்கவில்லை. அதேபோன்ற ஹரியாணா சட்டத்தை 2023இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தவிர, உள்ளூர்க்காரனுக்கு ஒதுக்கிய காண்ட்ராக்ட் வேலையும் காண்ட்ராக்ட் வேலைதான். ஆனால் பயிற்சி நிறுவனத்தின் பொறுப்பு என்ற ஆந்திரத்தின் அந்த ஒரு பிரிவு, நம் திறன் திட்டங்கள் அனைத்தையும்விட நேர்மையானது.

நிலம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலத்தைச் சிப்காட் எடுத்தது. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊரார் 2009 வாக்கில் போராடினார்கள். 2012இல் அவர்களுடைய முறையீடு, டயர் நிறுவனத்தின் தாய்நாடான பிரான்ஸ்வரை போனது. ஆடுமாடு மேய்த்த நிலத்துக்கு ஈடாக ஊருக்குச் சொல்லப்பட்ட வாக்கு, வேலை. சோழவரம் ஏரி சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிறது, சோழவரத்து வயல்கள் சென்னையின் சரக்கை வைக்க இடம் கொடுக்கின்றன. கொடுக்கும்போது யாரும் தகுதிச் சான்றிதழ் கேட்கவில்லை.

நான் கேட்பது புதிய திட்டம் அல்ல. அரசு ஏற்கெனவே தரும் பணத்துக்கு நிபந்தனை வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் ஒன்றிய அரசு, புதிதாக ஒருவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்துக்கு மாதம் 3,000 ரூபாய்வரை தருகிறது. உற்பத்தித் துறைக்கு நான்கு ஆண்டுகள். மாநில அரசு நிலமும் சலுகையும் தருகிறது. இந்த ரூபாய், காண்ட்ராக்டர் பட்டியலில் உள்ள ஆளுக்குப் போகக் கூடாது. 480 நாளுக்குப் பிறகு எத்தனை பேர் நிரந்தரமானார்கள் என்பதைப் பார்த்துத்தான் போக வேண்டும். அப்ரண்டிஸ் முடித்தவர்களில் குறிப்பிட்ட பங்கினரை எடுக்காத ஆலைக்கு அடுத்த ஆண்டு அப்ரண்டிஸ் தரக் கூடாது. ஐ.டி.ஐ. முதல்வரின் மதிப்பீட்டில் தேர்ச்சி சதவீதத்தோடு, இரண்டு ஆண்டு கழித்து அந்த மாணவர் என்ன சம்பளம் வாங்குகிறார் என்பதும் சேர வேண்டும்.

இவற்றோடு இன்னொன்றும் கேட்கிறேன்; அதற்கு மட்டும் சென்னையிலிருந்து ஆணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மே 1 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. சோழவரம், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி ஒன்றியங்களில் ஆலையோ கிடங்கோ உள்ள ஒவ்வோர் ஊராட்சியும் ஒரே தீர்மானத்தைப் போடலாம்: எங்கள் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பேரை நேரடியாக, எத்தனை பேரைக் காண்ட்ராக்ட் மூலம், எத்தனை பேரை ட்ரெய்னி என்று வைத்திருக்கிறது, ஒவ்வொருவரும் எத்தனை நாள் சர்வீஸ் முடித்திருக்கிறார், என்ன சம்பளம் என்பதைத் தொழிற்சாலைகள் ஆய்வாளர் வழியாக எழுத்தில் பெற்று ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். எந்த ஆலையில் எத்தனை பேருக்கு எந்தத் திறன் குறைகிறது என்ற பேச்சை அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.